ஏரிக்கரையில் ஒரு மணி நேரம்

நெடுநாள் நோயாளி ஒருவரை அழைத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் மனைவியிடமோ மகனிடமோ, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: "எனக்கென்ன டாக்டர், நோய் அவருக்குத்தானே." அவ்வாறு சொல்பவரின் கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருக்கும். இரவில் மூன்று முறை எழுந்திருப்பார். தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையை எப்போது விழுங்கினோம் என்பதே அவருக்கு நினைவிராது. ஆயினும் தம்மைப் பற்றிப் பேசுவது குற்றம் என்பதுபோல், பேச்சை உடனே நோயாளியின் பக்கம் திருப்பிவிடுவார்.

இந்தப் பக்கத்தில் நாங்கள் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றே. நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது வெளியே செல்ல வழி செய்து தருவது, குடும்பம் அவருக்குக் காட்டும் சலுகை ஆகாது; அது நோயாளிக்குச் செய்யும் பராமரிப்பின் ஒரு பகுதி. அந்த ஒரு மணி நேரத்தை எங்கே கழிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில், அருகிலுள்ள ஏரியையோ நீர்த்தேக்கத்தையோ நாங்கள் பரிந்துரைக்கிறோம். அங்கே வந்திறங்கியிருக்கும் வலசைப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா அமர்ந்திருங்கள் என்கிறோம்.

ஏன் ஏரி, ஏன் பறவை என்று வியப்போர் உண்டு. கோயிலுக்குச் செல்லலாம், உடன்பிறந்தவர் வீட்டுக்குச் செல்லலாம், அவையும் நன்மை தருபவையே. ஆனால் அங்கெல்லாம் எதிர்ப்படுபவர் கேட்கும் முதற்கேள்வி, "அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்பதாகவே இருக்கும். அன்பினால்தான் கேட்கிறார்கள். எனினும் விடை சொல்லிச் சொல்லியே அந்த ஒரு மணி நேரமும் நோயைச் சுற்றியே கழிந்துவிடும். ஏரியில் அவ்வாறு கேட்பார் எவருமில்லை. சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கு உங்களிடமிருந்து எதுவும் தேவையில்லை. நாளெல்லாம் பிறருடைய தேவைகளுக்குச் செவிசாய்க்கும் ஒருவருக்கு, தம்மிடம் எதையும் வேண்டாத உயிர்களின் நடுவே இருப்பதே பெரிய ஆறுதல்.

நம் ஊர் நீர்நிலைகளின் ஆண்டுச் சுழற்சியும் இதற்குத் துணை நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்புகின்றன. மழை ஓய்ந்து, பாசனத்துக்கும் குடிநீருக்கும் நீர் எடுக்க எடுக்க, தை, மாசி மாதங்களில் நீர்விளிம்பு மெல்ல உள்வாங்குகிறது. அவ்வாறு வெளிப்படும் ஈரச் சேற்றில் புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும் நிறைந்திருக்கும். கரைப்பறவைகள் தேடி வருவது இந்தச் சேற்றைத்தான். நீர் ததும்பி நிற்கும்போது ஏரி நம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. பாதி வற்றிச் சேறு தெரியும்போதுதான் இப்பறவைகளுக்கு விருந்தாகிறது.

அவற்றுள் மிகச் சிறியது கொசு உள்ளான். எடை ஏறத்தாழ 25 கிராம். நம் உள்ளங்கையில் அடங்கும் இப்பறவை, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வடக்கே, ஆர்க்டிக் பகுதியின் மரமற்ற சமவெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. முதுகில் வெண்புள்ளிகள் தெளித்ததுபோல் தோன்றும் பொரி உள்ளான், நீண்ட அலகைச் சேற்றுக்குள் ஆழமாகச் செருகும் கருவால் மூக்கன், சற்று ஓடி, நின்று, கொத்தி, மீண்டும் ஓடும் உப்புக்கொத்தி ஆகியவையும் வலசையாக வருகின்றன. கூந்தன்குளம், கரைவெட்டி போன்ற நீர்நிலைகளுக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. மத்திய ஆசியாவின் உயர்நிலங்களில் இனப்பெருக்கம் செய்யும் இவை, இமயத்தைக் கடந்து இங்கே சேர்கின்றன. கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட வாத்துகள் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது.

நீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ஏரிக்கரையின் கருவேல மரங்களிலும் நாணற் புதர்களிலும் பாட்டுப் பறவை இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகள் தங்கியிருக்கும். வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கும் மஞ்சள் வாலாட்டி, நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும் தகைவிலான், முள்மரத்தின் உச்சியில் அமர்ந்து நோட்டமிடும் பழுப்புக் கீச்சான் ஆகியவை எளிதில் கண்ணில் படும். நாணல் கதிர்க்குருவி புதருக்குள் மறைந்து, நாக்கைத் தட்டுவதுபோன்ற 'டக், டக்' என்ற ஒலியை மட்டும் எழுப்பிக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து வந்து குளிர்காலத்தை இங்கே கழிக்கும் தோட்டக்கள்ளனும் மரநிழலில் சருகுகளைப் புரட்டும். காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குரல் கொடுப்பதால் அதற்கு ஆறுமணிக் குருவி என்றும் பெயருண்டு.

மருத்துவர்களாகிய எங்களை மிகவும் ஈர்ப்பது இப்பறவைகளின் உடலியங்கியல். நெடும்பயணத்துக்கு முன் அவை வாரக்கணக்கில் உண்டு, தோலுக்கடியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. கரைப்பறவைகள் சிலவற்றில், புறப்படுவதற்குச் சற்று முன் குடல், இரைப்பை போன்ற செரிமான உறுப்புகள் சுருங்குகின்றன. பறக்க உதவும் மார்புத் தசையும் இதயமும் வலுப்பெறுகின்றன. பயணத்தின்போது பயன்படாத சுமையை உடல் குறைத்துக்கொள்கிறது. இறங்கிய இடத்தில் அவ்வுறுப்புகள் மீண்டும் வளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

ஆனால் அந்த மீட்சிக்கு நேரம் வேண்டும். இரையும் ஓய்வும் வேண்டும். வலசை என்றதும் இடைவிடாமல் பறப்பதையே நாம் எண்ணுகிறோம். அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில், எங்கும் இறங்காமல் கடந்த மூக்கன் ஒன்றின் பயணம் 2022இல் பதிவானது. அது வியக்கத்தக்கது; ஆனால் விதிவிலக்கு. பெரும்பாலான பறவைகள் வழியில் பல இடங்களில் இறங்குகின்றன. சிறு பாட்டுப் பறவைகள் பெரும்பாலும் இரவில் பறந்து, விடியலில் இறங்கி, சில நாள்கள் உண்டு ஓய்ந்து, பின்பு அடுத்த கட்டத்துக்குப் புறப்படுகின்றன. மொத்தப் பயணக் காலத்தையும் கணக்கிட்டால், அவை சிறகடித்த நேரத்தைவிடத் தரையிலும் மரத்திலும் தங்கிய நேரமே அதிகம். இடையில் தங்குவதும் பயணத்தின் பகுதியே. தங்குமிடம் இல்லாத பறவை ஊர் போய்ச் சேர்வதில்லை.

சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், மறதிநோய், புற்றுநோய் ஆகியவற்றோடு வாழும் ஒருவரைப் பராமரிப்பதும் நெடும்பயணமே. அது ஒரு வாரத்தில் முடிவதன்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கடந்துவிடலாம் என்று எண்ணித் தொடங்குபவர்கள், ஆறாவது மாதத்தில் தாமே நோயாளியாகி நிற்பதுண்டு. இது வெறும் உவமை அன்று. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முதியோர் சிலரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நோயுற்ற தம் கணவரையோ மனைவியையோ பராமரித்து, அதனால் உளைச்சலுக்கும் ஆளானவர்களிடையே, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் இறப்பு விகிதம் 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது என்று அது கூறியது. உளைச்சலின்றிப் பராமரித்தவர்களிடம் அத்தகைய வேறுபாடு தெளிவாகக் காணப்படவில்லை. பராமரிப்பைக் காட்டிலும் இளைப்பாறுதல் இல்லாத பராமரிப்பே ஆளைத் தேய்க்கிறது என்று நாங்கள் இதிலிருந்து புரிந்துகொள்கிறோம்.

பறவை பார்ப்பதால் நோய் தீரும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படி எவரேனும் சொன்னால் நம்பவும் வேண்டாம். மாத்திரைக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் அது மாற்றாகாது. மனச்சோர்வு முற்றியவருக்கு மனநல மருத்துவரே வேண்டும், ஏரிக்கரை போதாது. ஆயினும், அளவோடு சொல்லத்தக்க சான்றுகள் சில உண்டு. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சன்னல் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்தவர்களையும், செங்கல் சுவரை மட்டுமே காணும் அறையில் இருந்தவர்களையும் ஒப்பிட்டு ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் கட்டுரை வெளியிட்டார். மரங்களைக் கண்டவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் 23 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான் அது. எனினும் மருத்துவமனைக் கட்டட அமைப்பைப் பற்றிய சிந்தனையையே மாற்றியது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 1,300 பேர் தம் மனநிலையை நாளில் மூன்று முறை கைப்பேசி வழியே பதிவு செய்தனர். பறவையைக் கண்ட அல்லது அதன் குரலைக் கேட்ட வேளைகளில் அவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. அந்த மாற்றம் எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே போக்கு காணப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில், இயற்கையோடு நேரம் செலவிடும் வழிகளைக் குடும்ப மருத்துவர்கள் நோயாளிகளுக்கு எழுதித் தரும் திட்டம் 2018இல் தொடங்கியது. பறவை பார்த்தலும் அவற்றுள் ஒன்று. மருந்தோடு சேர்த்துத் தருவதாகவே அத்திட்டம் அமைந்தது. மருந்தை நிறுத்திவிட்டு அன்று.

இங்கே எழும் தடை பெரும்பாலும் மனத்தடையே. "அவர் கட்டிலில் கிடக்க, நான் குருவி பார்க்கப் போனேன் என்றால் ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை, குறிப்பாக, மருமகள்களிடமும் மனைவியரிடமும் கேட்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்தப் பழிச்சொல் பற்றிய அச்சம் மிகுதி. ஆகவே அவர்களிடம், "நீங்களே நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதால் பயனில்லை. ஒதுக்கித் தர வேண்டியவர்கள் வீட்டிலுள்ள மற்றவர்கள். ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை நோயாளியின் அருகில் யார் இருப்பது என்று மகனும் மகளும் மைத்துனரும் முறை வைத்துக்கொள்ளலாம். மாத்திரை நேரம், அவசர எண், செய்யக்கூடாதவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைத்தால், பொறுப்பேற்பவருக்குத் தயக்கம் இராது. வெளியே செல்பவருக்கும் கவலை இராது. "எதற்குப் போகிறாய்?" என்று உறவினர் கேட்டால், மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள். அது பொய்யாகாது, இங்கே அச்சிட்டே சொல்லியிருக்கிறோம்.

நோயாளியும் உடன் வரலாமா? பலர் வரலாம். மாரடைப்புக்குப் பின் நடைப்பயிற்சி தொடங்கியிருப்பவர், பக்கவாதத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் அமர முடிந்தவர், சிகிச்சை முடிந்து உடல் தேறிவருபவர் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரலாம். ஏரிக்கரையின் ஏற்றம் சிலருக்கு மூச்சிரைப்பைத் தரும். ஆதலால் வாகனம் மேல்வரை செல்லும் இடத்தையோ சமதளமான பார்வையிடத்தையோ தேர்ந்துகொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினையும் காலை உணவையும் தள்ளிப்போடாமல் நேரத்தைத் திட்டமிட வேண்டும். கையில் இனிப்பு ஏதேனும் இருக்கட்டும். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் அளந்த நீரையே எடுத்துச் செல்ல வேண்டும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வெயிலையும் கொசுவையும் ஒருங்கே தடுக்கும்.

உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், கீமோதெரபி பெற்று வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருப்பவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோர் எங்களைக் கேட்காமல் செல்ல வேண்டாம். பறவைகள் கூட்டமாக அடையும் மரங்களின் கீழே எச்சம் காய்ந்து தூளாகப் பறக்கும் இடங்களை அவர்கள் தவிர்க்க வேண்டும். எவராயினும், இறந்து கிடக்கும் பறவையையோ நோயுற்ற பறவையையோ தொடக்கூடாது. பறவைக் காய்ச்சலின் பொருட்டுச் சொல்லப்படும் எச்சரிக்கை இது. தொலைவிலிருந்து பார்ப்பதில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கைகழுவினால் போதும்.

படுக்கையை விட்டு எழ இயலாதவர்களையும் நாங்கள் மறக்கவில்லை. கட்டிலைச் சன்னலோரம் திருப்பிப் போடுவது செலவில்லாத காரியம். வலசை வரும் சிறு பறவைகளுள் சில ஊருக்குள்ளும் தங்குகின்றன. எதிர்வீட்டு வேப்பமரத்தில் மாங்குயிலும் கதிர்க்குருவியும் வந்தமர்வதைப் படுத்தபடியே காணலாம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டு மாடியிலிருந்தோ சன்னலிலிருந்தோ கலந்துகொள்ள முடியும். ஓரிடத்தில் 15 நிமிடம் பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் அது கணக்கில் சேரும். மாதக்கணக்கில் பிறரது உதவியை மட்டுமே பெற்றுவரும் ஒருவர், தாமும் ஒரு பணிக்குத் தம் பங்கைக் கொடுத்தோம் என்று உணர்வது சிறிய செய்தியன்று.

முதன்முறை செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். விடியற்காலையே சிறந்தது. காலையில் கிழக்குக் கரையில் அமர்ந்தால் கதிரவன் முதுகுப்புறம் இருக்கும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. பெயர் தெரியவில்லையே என்று வருந்த வேண்டாம். அலகு நீண்டதா குட்டையா, கால் என்ன நிறம், நடக்கிறதா ஓடி ஓடி நிற்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் பெயர் தானே வந்து சேரும். அருகே சென்று படமெடுக்க முயல வேண்டாம். நெடுந்தொலைவு பறந்து களைத்து இறங்கிய பறவையை நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால், அது சேமித்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. உறங்கும் நோயாளியின் அறையில் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, அப்படியே ஏரிக்கரையிலும் நடந்துகொள்வோம்.

இந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடைப்பதற்கு நீர்நிலை நிலைத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தம் ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமையை அன்றைய ஆட்சியரிடம் கேட்டுப் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. நாம் அவ்வளவு செய்யாவிட்டாலும், காலாவதியான மாத்திரைகளையும், பயன்படுத்திய ஊசிகளையும், கட்டுத்துணிகளையும் வாய்க்காலிலும் ஏரியிலும் எறியாதிருக்கலாம். அவற்றை மருத்துவமனையில் ஒப்படையுங்கள். முறையாக அகற்றுவது எங்கள் பொறுப்பு.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, நோயாளியின் சர்க்கரை அளவையும் அழுத்த அளவையும் கேட்ட பிறகு, உடன் வந்தவரிடமும் நாங்கள் ஒன்று கேட்போம்: "இந்த வாரம் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்ததா?" கிடைத்தது என்று சொல்ல முடிந்தால் மகிழ்வோம். கிடைக்கவில்லை என்றால், குடும்பத்தில் யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நாங்களே பேசுகிறோம். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் உள்ளான்கள் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். அதற்குள் வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.